கையெழுத்து ஞாயிறு

தடதடவென்று ஷட்டர் இறங்கியது.

சலூனுக்குள் இருந்த வெளிச்சம் மொத்தமும் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. அப்பாதுரையின் தொண்டைக் குழியருகே இறங்கிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றது. இடது கன்னம் வழித்தாகிவிட்டது. வலது கன்னத்தில் சோப்பு நுரை. கழுத்தைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணிக்குள் இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டிருந்தன.

"இன்னா சிட்டிபாபு, இன்னா சத்தம் அது?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டான்.

சவரம் செய்துகொண்டிருந்த சிட்டிபாபு கத்தியோடு ஒதுங்கி நின்றான். யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். டியூப்லைட் இரண்டு முறை சிமிட்டிவிட்டு எரிந்தது. எதிரே இருந்த கண்ணாடியில், அவன் தலைக்குப் பின்னால், கூடைப்பந்து கிளப்பை நடத்துகிற ஜெயவேலுவின் முகம் தெரிந்தது. பக்கத்தில், ஷட்டரை இழுத்து இறக்கிய கையை லுங்கியில் துடைத்தபடி தனக்கோடி நின்றான். ஜெயவேலுவின் லாரியில் கிளீனர். இருபத்தெட்டு வயது, எருமைக் கழுத்து.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். அப்பாதுரை நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான்.

"உக்காருடா கண்ணு. எதுக்கு எழுந்துக்கறே? கத்தி பட்டுடப் போவுது" என்றார் ஜெயவேலு. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை மாதத்து முதல் ஞாயிறு என்றால் இந்தப் பக்கத்தில் கையெழுத்து ஞாயிறு. வட்டாரக் கூடைப்பந்து லீக்கில் ஆடுகிறவன் கிளப் மாற வேண்டுமென்றால், அன்று காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் குரோம்பேட்டை சங்க ஆபீசுக்கு நேரில் போய் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு அடித்தால் ரிஜிஸ்டரை மூடிவிடுவார்கள். வராதவன் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பழைய கிளப்பின் ஆள். அதனால் அந்த இரண்டு மணி நேரம் ஆளை அமுக்கி வைப்பது என்பது பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருத்தனை மகாபலிபுரத்து லாட்ஜில் வைத்து மதியம் வரை பரோட்டா ஊட்டினார்கள். பொழிச்சலூரில் ஒருத்தனைக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பூட்டினார்கள். மறுநாள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அமுக்கப்பட்டவனும் சிரிப்பான். அப்பாதுரையே சிரித்திருக்கிறான்.

இந்த வருஷம் அவனால் சிரிக்க முடியாது.

கடப்பேரி விடிவெள்ளி கிளப்புக்கு ஆறு வருஷமாக அவன்தான் எல்லாம். ஆறடி மூன்று அங்குலம். இருபதடி தூரத்திலிருந்து எறிந்தால் பந்து வளையத்தில் உரசாமல் வலைக்குள் விழும். ஆனால் அந்தப் பந்து சோறு போடவில்லை. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு துணிக் கம்பெனியில் டெம்பரரியாக மூட்டை தூக்கினான். போன மாதம் அதுவும் போய்விட்டது. சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு பம்ப் கம்பெனி சொந்தமாக டீம் வைத்திருந்தது. அதன் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் பத்ரிநாராயணன் வீடு தேடி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஞாயித்துக்கிழமை கையெழுத்து, திங்கக்கிழமை பர்மனென்ட் ஆர்டர்" என்றார். அம்மா ஞானம்மாள் அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டே இருந்தாள். அவன் காதலித்த செல்வமேரியின் அப்பா, பர்மனென்ட் வேலை இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று நாலு வருஷமாகச் சொல்லி, கடைசியில் ஆகஸ்டு வரை கெடு வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் ஒரு கையெழுத்து. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"யாருண்ணா சொன்னாங்க உங்ககிட்ட?" என்றான்.

"ஸ்டுடியோ ராஜகோபால்." ஜெயவேலு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாஸ்போர்ட் சைசு மூணு காப்பி கேட்டியாமே? துபாய் போறவன் ஒரு டஜன் கேப்பான். கல்யாணத்துக்குப் பாக்கறவன் ஒண்ணு கேப்பான், அதுவும் கலர்ல. ஜூன் மாசக் கடைசில மூணே மூணு கேக்கறவன் சங்க ஃபாரத்துல ஒட்டறவன்தான். ஆறு வருசம் ஆடி இதுகூடத் தெரியலியேடா ஒனக்கு. பல்லாவரத்துல போயி எடுத்திருக்கக் கூடாது?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். ரிட்டயர் ஆன போஸ்ட்மேன். கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சிட்டிபாபு சலூன் பேப்பரை முதலில் பிரிக்கிற உரிமை அவருடையது.

"பன்னெண்டு வரைக்கும் குந்திக்கோ. பொறவு நாமெல்லாம் போயி பிரியாணி துன்னலாம்" என்றார் ஜெயவேலு. "சிட்டி, வேலையப் பாரு. பாதில நிக்கக் கூடாது."

சிட்டிபாபு கத்தியை மறுபடி எடுத்தான். ஆனால் வலது கன்னத்துக்கு அதைக் கொண்டுபோகவில்லை.

"வெளில எத்தினி பேரு?" என்று அப்பாதுரை கேட்டான்.

"பத்து பன்னெண்டு பேரு. எல்லாம் ஒன் ரசிகர்ங்கதான்" என்றான் தனக்கோடி.

சம்பந்தம் பேப்பரை உதறினார். "அட, இத்தக் கேளுங்கப்பா மொதல்ல. கொலம்பியாக்காரனச் சுட்டுட்டானுங்க."

"எவன?"

"எஸ்கோபார்டா. அமெரிக்கா மேட்ச்சுல தெரியாத்தனமா தன் கோலுக்குள்ளயே பந்த வுட்டானே, அவன்தான். ஊருக்குத் திரும்பிப் போனவன ஓட்டல் வாசல்ல வெச்சு சுட்டிருக்கானுங்க. இருவத்தேழு வயசு. நேத்து செத்துட்டான்." சம்பந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கோலுக்கு ஒரு உசிராடா? இன்னா ஜனங்கடா அது? காட்டுமிராண்டிங்க."

"பின்ன? நாட்டையே கவுத்துட்டு வந்தா ஆரத்தி எடுப்பானா?" என்றான் தனக்கோடி.

"பேமானி! தன் கோலுல போடணும்னு எவனாச்சும் போடுவானா? கால் நீட்னான், பட்டுச்சு."

"எவ்ளோ வாங்கினானோ, யாரு கண்டது."

"மரடோனாவையே மருந்து துன்னான்னு வெரட்டிட்டானுங்க. இந்த வேர்ல்டு கப்பே சரியில்லண்ணே" என்றான் சிட்டிபாபு, கத்தியை வாரில் தீட்டியபடி. "அமெரிக்காவுல போயி வெச்சானுங்க பாரு. அவனுக்குக் காலால ஆடத் தெரியுமா? கையால ஆடறதுதான் அவனுக்குத் தெரியும்."

"கேபிள்ல பாத்தியா?" சம்பந்தம் திரும்பிக்கொண்டார். "பாஸ்கெட் பால்ல ஹூஸ்டன் ஜெயிச்சானே, ஏழு மேட்ச்சும் முழுக்கப் பாத்தேன். அங்க ஒரு விசயம் தெரியுமா? காண்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னா பிளேயரு அவன் பாட்டுக்குப் போலாம். எந்த டீமு வேணா. ஒருத்தன் கேக்க முடியாது. சட்டம்."

அப்பாதுரை கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். "அதத்தாண்ணா நானும் சொல்றேன்."

"அது அமெரிக்கா. இது தாம்பரம்" என்றார் ஜெயவேலு.

"எம்.எல்.ஏ. கட்சி மாறினா மால போட்டு இட்டுகினு வரீங்க. நான் கிளப் மாறினா ஷட்டர எறக்குறீங்க. இன்னாண்ணா ஞாயம்?"

தனக்கோடி கைதட்டிச் சிரித்தான். "நல்லாத்தான் பேசறான்! மச்சான், அதுக்கும் ஒரு சட்டம் கீதுடா. கட்சித் தாவல் தடைச் சட்டம். நம்ம கிளப்புக்கும் உண்டு. நான்தான் அதுக்கு போலீசு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதுரை சிரிக்கவில்லை. மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு மின்சார ரயிலில் பத்து நிமிஷம். ஸ்டேஷனுக்கு ஓட ஐந்து நிமிஷம். இன்னும் நேரம் இருக்கிறது. கெஞ்சிப் பார்க்கலாம்.

"அண்ணா, வெளயாட்டு இல்ல இது. பர்மனென்ட் வேல. எங்கம்மா இன்னும் மூணு வூட்ல பாத்திரம் தேய்க்குது. ஒரே ஒரு கையெழுத்து. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பசங்களுக்கு நானே கோச்சிங் குடுக்கறேன். மாதா மேல சத்தியம்."

ஜெயவேலு தலை குனிந்துகொண்டார். நெல் விளைந்த பூமியை மனை மனையாக விற்று, ஜல்லி மணல் வியாபாரத்தில் இறங்கி மூன்று லாரி வாங்கிய மனிதர். விற்காமல் வைத்திருந்தது ஒரே ஒரு துண்டு நிலம். அதில் சிமென்ட் தளம் போட்டு, இரண்டு பக்கமும் வளையம் நட்டு, விடிவெள்ளிக்குக் கொடுத்திருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. பெரிய மேட்ச் ஜெயித்த அன்று அப்பாதுரையைத் தோளில் தூக்கிக்கொண்டு முடிச்சூர் ரோடு முழுக்க நடந்தவர்.

"வேலதானே ஒனக்கு? நான் தரேன்" என்றார். "நாளைக்கே வா. மணல் லாரில லோடு கணக்குப் பாரு."

"அது பர்மனென்ட் இல்லண்ணா."

"நான் செத்தாத்தான்டா அந்த வேல போவும். அப்பிடின்னா பர்மனென்ட்தானே?"

"மழை வந்தா லாரி ஓடாது. ஒங்களுக்கு மூடு இல்லன்னாலும் ஓடாது. எங்கப்பா ஒங்க வூட்ல வேல பாத்தவருதானே. எங்களுக்குத் தெரியாதா?"

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உறுமவிட்டு நிறுத்தினார்கள்.

"ஒங்கப்பன் சாவற வரைக்கும் எங்க வூட்டு சோறுதான் துன்னான்" என்றார் ஜெயவேலு மெதுவாக. "நீ போட்டிருக்கியே ஷூ, அது யாரு வாங்கிக் குடுத்தது?"

அப்பாதுரை இரண்டு கால்களையும் உரசி ஷூவைக் கழற்றினான். ஒன்று தரையில் உருண்டு தனக்கோடியின் காலடியில் நின்றது.

"வெச்சுக்குங்க."

"டேய்!" தனக்கோடி பாய்ந்து வந்து அவன் முடியைப் பிடித்தான். தலையைப் பின்னால் இழுத்து நாற்காலியில் அழுத்தினான். "யார்கிட்ட பேசிகினு கீற? சோமாரி! சிட்டி, அந்தக் கத்திய இங்க குட்றா. ஒரு கோடு போட்டு வுட்டா ஒழுங்கா குந்துவான்."

"அய்யோ வாணாம்பா" என்று சிட்டிபாபு கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"குட்றான்னேன்ல!"

தனக்கோடி கத்திக்காகக் கையை நீட்டிய அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. அப்பாதுரை துணியைப் பிய்த்துக்கொண்டு எழுந்தான். ஆறு வருஷமாக ரெஃப்ரிகள் விசில் ஊதித் தடுத்த முழங்கை அது. இன்றைக்கு விசில் ஊத யாருமில்லை. எருமைக் கழுத்துக்கு மேலே, மூக்கின் நடுவில், முழுப் பலத்தோடு இறங்கியது. தனக்கோடி கண்ணாடியின் மீது போய் மோதினான். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு பாதி அலமாரி மேல் சரிந்து பவுடர் டப்பாக்களோடு தரையில் சிதறியது. சம்பந்தத்தின் பேப்பரில் ரத்தம் தெறித்தது.

"அடிக்காதடா! அடிக்காதடா!" என்று சம்பந்தம் யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் கத்தினார்.

தனக்கோடி கையில் ஒரு கண்ணாடித் துண்டோடு எழுந்தான். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வீசினான். அப்பாதுரையின் தோளில் சட்டை கிழிந்து சூடாக ஏதோ வழிந்தது. ஜெயவேலு எழுந்து விலகிய ஸ்டூலை அப்பாதுரை தூக்கினான். முதல் அடி தனக்கோடியின் மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது அடி காதோரத்தில். ஸ்டூலின் கால் ஒன்று முறிந்து பறந்தது. தனக்கோடி மண்டியிட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டான்.

மணி பதினொன்று ஐந்து.

அப்பாதுரை ஷட்டருக்குத் தாவினான். குனிந்து கைப்பிடியைப் பற்றி இழுத்தான். இரண்டடி ஏறியது. வெயில் உள்ளே பாய்ந்தது. மல்லாந்து படுத்து, காலை முதலில் விட்டு வெளியே நழுவப் பார்த்தபோது யாரோ அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தான். சம்பந்தம். எஸ்கோபாருக்காகக் கண் கலங்கியவர், தரையோடு தரையாகப் படுத்து, அவன் சட்டையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

"போவாதடா! நீ போய்ட்டா செமிஃபைனலுக்குக்கூட வர மாட்டோம்டா! தம்பி, போவாதடா!"

அப்பாதுரை அவர் மார்பில் முழங்கையால் இடித்தான். பிடி விட்டது. உடம்பு வெளியே வந்துவிட்டது. எழுந்திருக்க வலது கையைச் சலூன் வாசற்படியில் ஊன்றினான்.

"விட மாட்டேன்டா ஒன்ன!"

ஜெயவேலு பாய்ந்து வந்து, தொண்ணூறு கிலோ உடம்பையும் ஷட்டர் மேல் போட்டார்.

அது இறங்கியது.

முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்பாதுரை தன் கையைப் பார்த்தான். மணிக்கட்டு வரை வெளியே இருந்தது. அதற்கப்புறம் இரும்பு இருந்தது. ஒரு கணம் வலியே இல்லை. பிறகு அவன் தொண்டையிலிருந்து வந்த அலறலில், எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

ஷட்டர் தானாக மேலே போனது. ஜெயவேலுதான் தூக்கியிருந்தார். அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. "கண்ணு... கண்ணு, நான் பாக்கலடா. கை இருந்தத நான் பாக்கல."

நான்கு விரல்கள் நான்கு பக்கம் திரும்பியிருந்தன. ஆள்காட்டி விரலில் எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. வெளியே மோட்டார் சைக்கிள்களில் உட்கார்ந்திருந்த பையன்கள் இறங்கி வந்து வளைத்தார்கள். போன மாதம் வரை அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள். ஒருவன் அவன் காலரைப் பிடித்தான்.

"வுடுங்கடா அவன!" என்று ஜெயவேலு கத்தினார். "வழி வுடுங்கடா!"

அப்பாதுரை ஓடினான். வெறுங்காலோடு, ஒரு கன்னத்தில் காய்ந்துபோன சோப்போடு, வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முடிச்சூர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜெயவேலு சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். மூக்கு உடைந்தவன் மட்டும் கேட்க மாட்டான்.

தாம்பரம் ஸ்டேஷனில் வண்டிக்காக நின்ற நேரம்தான் அவனைக் கொன்றது. பதினொன்று இருபத்தாறுக்கு பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி ஒன்று நகர்ந்தது. தொற்றி ஏறி, கதவோரக் கம்பியை இடது கையால் கட்டிக்கொண்டான். பெட்டியே அவனைப் பார்த்தது. ஓர் அம்மாள் தன் கர்ச்சீப்பை எடுத்து அவன் கையில் சுற்றினாள். சுற்றும்போதே அது சிவப்பாகிவிட்டது.

"ஆக்சிடென்ட்டாப்பா? எங்க எறங்கணும்?"

"குரோம்பேட்ட."

"நல்லதாப் போச்சு. அங்கதான் ஜி.எச். ஆஸ்பத்திரி கீது. எறங்கி நேரா போ. இப்பவே போனா வெரல் தங்கும். லேட் பண்ணாத, சொல்லிட்டேன்."

தலையாட்டினான். ஜி.எச். ஒரு பக்கம், சங்க ஆபீஸ் இன்னொரு பக்கம். அரை மணி நேரம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டால் போதும். கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வண்டி குலுங்கும்போதெல்லாம் இதையே ஜெபம் போலச் சொல்லிக்கொண்டான்.

குரோம்பேட்டையில் இறங்கி, மூடியிருந்த ரயில்வே கேட்டுக்குக் கீழே குனிந்து வெளியே வந்தபோது முதுகில் நெருப்பு விழுந்தது.

சைக்கிள் செயின். தனக்கோடி ஜி.எஸ்.டி. ரோடு வழியாக முந்திக்கொண்டு வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற லாரிக்குப் பின்னால் காத்திருந்தான். முகம் முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"என் மூஞ்ச ஒடச்சிட்டு கையெழுத்து போடப் போறியா? போடு, போடு!"

ஒவ்வொரு 'போடு'வுக்கும் ஒரு வீச்சு. மூன்றாவது வீச்சு கழுத்தில் சுற்றிக்கொண்டது. தனக்கோடி இழுத்தான். அப்பாதுரை எதிர்த்து இழுக்கவில்லை. இழுத்த பக்கமே போனான். போன வேகத்தில் நெற்றியை அந்த உடைந்த மூக்கின் மேல் இடித்தான். தனக்கோடி மல்லாந்து விழுந்தான். செயின் கழன்றது.

அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்பாதுரை போகவில்லை. விழுந்தவனின் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். அம்மாவின் மூன்று வீட்டுப் பாத்திரத்துக்கு ஒன்று. லாரியில் லோடு கணக்குப் பார் என்றதற்கு ஒன்று. வெறுங்கால் சதையில் படுகிற சத்தம் அவனுக்கு நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. தனக்கோடி முனகுவதை நிறுத்தி வெகு நேரமான பிறகும் உதைத்துக்கொண்டிருந்தான்.

"செத்துடப் போறான்டா பாவி! வுட்றா!" கேட்டோரம் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பாதுரை நின்றான். மூச்சு வாங்கியது. கீழே கிடந்தவனின் வாயில் ரத்தக் குமிழி ஒன்று ஊதி உடைந்தது. உயிர் இருக்கிறது.

"மணி இன்னாக்கா?" என்று கேட்டான்.

அவள் அவனைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கேட் திறக்கக் காத்திருந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர்தான் பயந்தபடி வாட்ச்சைப் பார்த்துச் சொன்னார். "பதினொண்ணு நாப்பத்தாறு."

சங்க ஆபீஸ் ஒரு டுடோரியல் காலேஜின் மாடியில் இருந்தது. படியேறும்போது இரண்டு முறை கண் இருண்டது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மேஜை, அதன் மேல் பச்சை அட்டை போட்ட ரிஜிஸ்டர், அதற்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட சங்கச் செயலாளர். ஜன்னலோரம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பத்ரிநாராயணன்.

"வந்துட்டியா! நான் சொன்னேன் பாருங்கோ, வந்துடுவான்னு." பத்ரிநாராயணன் சிரித்தபடி எழுந்தார். எழுந்தவர் பாதியிலேயே நின்றார்.

"சார், என்னைப் பிடிச்சு வெச்சுட்டாங்க. தப்பிச்சு ஓடி வரேன் சார். டைம் இருக்கில்ல?"

"பத்து நிமிஷம் இருக்கு" என்றார் செயலாளர். அவர் முப்பது வருஷமாக இந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவர். ரத்தத்தைப் பார்த்து அதிகம் கலங்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். "முதல்ல குடிப்பா. போலீஸ் கம்ப்ளைன்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஃபாரம் ரெடியா இருக்கு. போட்டோ கொண்டுவந்தியா?"

சட்டைப் பையில் இடது கையை விட்டு மூன்று போட்டோவையும் எடுத்து வைத்தான். ஒன்றில் ரத்தம் பட்டிருந்தது. மற்ற இரண்டும் நன்றாகவே இருந்தன.

"இடது கையால போட்டா செல்லுமா சார்?"

"எந்தக் கையால போட்டா என்ன? என் கண்ணு முன்னாடி போடறே. நான் சாட்சி. செல்லும்." செயலாளர் ரிஜிஸ்டரைத் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினார். "இது உன் இடம். இது புது கிளப் இடம். அவங்க முதல்ல போடணும். சார், போடுங்க."

அப்பாதுரை இடது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தான். பிடி சரியாக இல்லை. ஆனாலும் எழுதிவிடலாம். ஐந்தே எழுத்து. மனசுக்குள் ஒரு முறை எழுதிப் பார்த்தான். முதல் முறையாக அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது, வலிக்காக இல்லை. அம்மாவிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்ததால் வந்தது.

பத்ரிநாராயணன் தன் பேனாவைத் திறந்து, மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். ரிஜிஸ்டரில் குனிந்தார். குனிந்தவரின் பார்வை ரிஜிஸ்டருக்குப் போகவில்லை. அப்பாதுரையின் மடியில், சிவந்த கர்ச்சீப்புக்குள், தாறுமாறாகக் கிடந்த விரல்கள் மேல் போனது. கர்ச்சீப்பின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். மறுபடி மெதுவாக மூடினார்.

செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிஷம் சார்."

பத்ரிநாராயணன் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு அப்பாதுரையின் தோளில், வெட்டுப்படாத பக்கத்தில், மிக அன்பாகக் கையை வைத்தார்.

"தம்பி, நீ ஷூட் பண்றது எந்தக் கையாலப்பா?"